மீன் தொட்டி விளக்கில் கை வைக்கப் போகிறீர்களா?

சூளகிரி, ஓசூர் பக்கம் ஷிப்ட் முடிந்து அலுப்போடு வீடு திரும்புபவருக்கு மீன் தொட்டி நல்ல ஆறுதல்தான். ஆனால், தொட்டிக்கு மேலே தொங்குவது 230 வோல்ட் விளக்கு, கீழே தண்ணீர்!

செடி, பவளம் வளர்ப்பவர்கள் சிலர் இன்னமும் 150, 250 வாட் 'மெட்டல் ஹாலைடு' பல்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தொடும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது. ஒயரிங்கில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். எனவே, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

பிறகு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பல்பில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் வெடிக்கலாம். வெளிக்கண்ணாடி உடைந்தும் எரிகிற பல்பு இன்னும் மோசம்: புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். சில விளக்குகளில் அந்தக் கதிரைத் தடுப்பதே முன்னால் இருக்கும் மூடிக்கண்ணாடிதான். விரிசல் விட்டால் மாற்றாமல் போடாதீர்கள்.

சோக் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஒயர், பிளக் பாயின்ட்டைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் தரையில் சொட்டிவிடும். உப்புநீர்த் தொட்டியென்றால் ஹோல்டரில் படியும் வெள்ளைப் பொடியை அடிக்கடி துடைக்க வேண்டும்.

எம்.சி.பி இருக்கிறதே என்கிறீர்களா? அது ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பழைய பல்பில் பாதரசம் உண்டு, குப்பையில் வீசாதீர்கள். புது பல்பு போட்டால் முதல் வாரம் குறைந்த நேரமே எரியவிடுங்கள், மீன்கள் மிரளும்.