நாங்கூழ் அறிவும் பொதுப்பகிர்வும்: சுல்தான் அகமது இஸ்மாயிலின் மண்ணுயிரியல் பணி

முன்னுரை

மண்புழுவிற்கு நாங்கூழ் என்பது தமிழில் வழங்கிவரும் மற்றொரு பெயர். மண்புழுக்கள் பற்றிய தம் நூலைச் சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குப் பின் 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து அதன் உழைப்பைப் போற்றுகிறது. அவ்வுழைப்பின் அறிவியலைத் தமிழக உழவரிடம் கொண்டுசேர்த்தவர்களுள் முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் குறிப்பிடத்தக்கவர். சென்னை நியூ கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பவியல் துறைத் தலைவராகப் பணியாற்றிய இவரது ஆய்வின் அடிப்படை, உரத் தயாரிப்பினும் புழுவினங்களின் வேறுபாட்டை உணர்தலே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புழுவினங்களும் வாழிடமும்

மண்புழுக்களை வாழிடம் நோக்கி மூவகைப்படுத்துவர்: மேற்பரப்பில் மட்கை உண்பன, வளை அமைத்து மேலும் கீழும் சென்றுவருவன, மண்ணுள்ளேயே வாழ்வன. உரத்தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படும் யூட்ரிலஸ் யூஜினியே, ஐசீனியா ஃபெடிடா ஆகிய அயல் இனங்கள் முதல்வகையின. இவை கழிவை விரைந்து மட்கச் செய்யும். ஆயின் வயலின் அடிமண்ணைத் துளைத்துப் புரட்டுவதில்லை. நம் நிலங்களில் இயல்பாக வாழும் லாம்பிட்டோ மவுரிட்டி வளை அமைப்பது. மழைநீர் இறங்கவும் வேர் மூச்சுவிடவும் அவ்வளைகள் வழியாகின்றன. எனவே இஸ்மாயில் தம் உரப்படுகையில் உடைந்த செங்கல், மணல் ஆகியவற்றின் மேல் ஈரமண் அடுக்கையும் அமைத்து, உள்ளூர்ப் புழுக்களில் இருவகையையும் அதில் விடச் சொல்கிறார்.

அறிவைப் பகிரும் முறை

அப்புழுக்களை விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. புழுவின் எச்சக்குருணை காணப்படும் இடத்தில் சாணமும் வெல்லமும் கரைத்த நீரைத் தெளித்து, வைக்கோலும் சாக்கும் மூடி, 20 முதல் 30 நாள் ஈரம் காத்தால் அவை அங்கே திரளும். ஆய்வுக்கருவி ஏதுமின்றி உழவரே செய்துபார்க்கத்தக்க இத்தகைய முறைகளையே இஸ்மாயில் தம் உரைகளிலும், 2005இல் வெளிவந்த 'தி எர்த்வாம் புக்' என்னும் நூலிலும் எளிமையாக விளக்கினார். 2021இல் தமிழ்நாடு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராகவும் அவர் அமர்த்தப்பட்டார்.

முடிவுரை

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் போன்ற ஊர்களில் ஏரிப்பாசன நெல்லும், மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் மண்வளத்தையே நம்பியுள்ளன. அங்கே வாங்கிய புழுவைத் தொட்டியில் பெருக்குவது ஒரு பயன்; வயலில் எஞ்சியுள்ள புழுவிற்கு இலைதழையும் ஈரமும் அளித்துக் காப்பது வேறொரு பயன். முன்னது உரம் தரும். பின்னதே நிலத்தை மீட்கும். இவ்வேறுபாட்டை உழவர் மொழியில் உணர்த்தியதே இஸ்மாயில் பணியின் சிறப்பாகும்.