தற்காப்புக் கலைக்கு ஆளை இழுத்து வருவது எது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், ஊர்ச் சுவர்களெங்கும் கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ கோடை வகுப்புகளின் சுவரொட்டிகள் முளைத்துவிடும். பிள்ளையைக் கூட்டிவந்து சேர்க்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால் முதலில் வரும் பதில் தற்காப்பு. மற்றவை அதற்குப் பிறகு வரும்: கூச்சம் போகவேண்டும், செல்போனை வைத்துவிட்டு எழுந்து ஓடியாட வேண்டும், படிப்பில் கவனம் வரவேண்டும், உடம்பு இறுகவேண்டும். வேலை முடித்து மாலை வகுப்புக்கு வரும் முப்பது வயதுக்காரரும் ஏறத்தாழ இதையேதான் சொல்வார். இந்தப் பதில்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால், தன்னை யாரோ தாக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து வருகிறவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். தன் உடல் தன் சொல்லைக் கேட்பதில்லை, நாலு பேர் நடுவில் தான் சுருங்கிப் போகிறோம் என்ற எண்ணம்தான் பலரை அந்த வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதை வாய்விட்டுச் சொல்வது யாருக்கும் எளிதல்ல. தற்காப்பு என்று சொல்லிவிட்டால் கேட்பவருக்கும் புரிகிறது, சொல்பவருக்கும் கௌரவமாக இருக்கிறது.

இதற்கு வலுவான சான்று ஜப்பானின் வரலாற்றில் கிடைக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1860-இல், இன்றைய கோபே நகரப் பகுதியில், சாக்கே மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர், உடலால் சிறியவர். தோக்கியோவில் படித்தபோது தன்னைவிட வலுவான மாணவர்களின் கையில் சிக்கி அவதிப்பட்டார். பலமில்லாதவனும் பலசாலியைச் சாய்க்க முடியும் என்று ஜுஜுட்சு என்ற பழைய போர்க்கலையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசிரியரைத் தேடி அலைந்தார். 1877-இல்தான் ஒருவர் கிடைத்தார். அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டுதான் மெய்ஜி அரசு சாமுராய்கள் பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடைசெய்திருந்தது. கட்டாய ராணுவ சேவையும் துப்பாக்கிப் படையும் ஏற்கெனவே வந்துவிட்டன. பழைய போர்க்கலை ஆசிரியர்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியம் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கானோ தன் ஆசிரியரைக் கண்டுபிடித்ததே அப்படிப்பட்ட வைத்தியர்களிடம் விசாரித்துத்தான். இனி யுத்தத்துக்கு உதவாது என்று நாடு கைவிட்ட ஒரு கலையை ஒரு மாணவன் இப்படித் துரத்திக்கொண்டு போனான் என்றால், அவன் தேடியது யுத்தத்துக்கான ஆயுதமாக இருக்க முடியாது. 1882-இல் எய்ஷோஜி என்ற கோயிலில் ஒருசில மாணவர்களோடு அவர் தொடங்கிய கொடோகான் பள்ளியிலிருந்து ஜூடோ உலகெங்கும் பரவி, 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. போர்க்களத்தில் பயன் தீர்ந்த பிறகுதான் இந்தக் கலைக்குக் கூட்டம் சேர்ந்தது.

கானோ அடிப்படையில் ஒரு கல்வியாளர். பலவீனமாக உணர்ந்து வருகிறவனுக்கு என்ன தேவை என்பதை அனுபவத்தில் அறிந்தவர். 'டான்' என்னும் படிநிலைகளை ஜூடோவுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். பல வண்ண பெல்ட்டுகள் பின்னாளில் வந்து சேர்ந்தன. நேற்று முடியாதது இன்று முடிகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்படி செய்யும் ஏற்பாடு இது. தெருவில் அடிதடிக்குத் தயாராவதற்கு இடுப்பில் நிறம் மாறவேண்டிய அவசியம் இல்லை. தன்மீது நம்பிக்கை இல்லாமல் வந்தவருக்கு அது மிகவும் அவசியம். கராத்தேவை 1922-இல் ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்குக் கொண்டுவந்த கிச்சின் ஃபுனகோஷியும் ஒரு பள்ளி ஆசிரியர். சிறுவயதில் நோஞ்சானாக இருந்தவர்.

இதெல்லாம் பள்ளிகள் தங்கள் நிறுவனரைப் பற்றிக் கட்டி வளர்த்த கதை, நோஞ்சான் வீரனான கதை எங்கும் விலைபோகும் என்று ஒருவர் மறுக்கலாம். கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் இந்தக் கதையையே ஒவ்வொரு பள்ளியும் தேர்ந்தெடுத்துச் சொல்கிறது? எங்கள் குரு பிறவியிலேயே பயில்வான் என்று யாரும் பெருமை பேசி ஆள் சேர்ப்பதில்லை. புதிதாக வருகிறவர் அந்த நோஞ்சான் சிறுவனிடம் தன்னைப் பார்க்கிறார் என்பது பள்ளிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வேறொரு மறுப்பு இதைவிட நியாயமானது. தந்தை ஆசானாக இருந்ததால் கம்பு பிடித்த பிள்ளைகளும், ஊர்த் திருவிழாவில் சிலம்பம் ஆடுவது குடும்ப வழக்கம் என்பதால் கற்றவர்களும் உண்டு. வடகரையைச் சேர்ந்த களரிப்பயிற்று ஆசான் மீனாட்சி அம்மா, 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர், ஏழு வயதிலேயே களரிக்குப் போனவர். அந்த வயதில் சேர்கிற குழந்தை காரணம் தேடிக்கொண்டு வருவதில்லை. நான் பேசுவது தாமாகத் தேடி வருகிறவர்களைப் பற்றி.

சினிமாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது பரவலான கருத்து. புரூஸ் லீ 1973 ஜூலையில் இறந்தார். 'என்டர் தி டிராகன்' அடுத்த மாதம் அமெரிக்காவில் வெளியானது. அதன்பின் உலகின் பல ஊர்களில் குங்ஃபூ, கராத்தே வகுப்புகளுக்கு இளைஞர்கள் படையெடுத்தார்கள். நம் ஊரில் எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுழற்றியது சிலம்பத்துக்குத் தந்த மவுசும் கொஞ்சமல்ல. ஆனாலும், படம் பார்த்த கோடிப் பேரில் வகுப்பைத் தேடிப் போனவர்கள் ஒரு சிறு பகுதிதான். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஓர் ஆசைக்குத் திரை உருவம் கொடுத்தது. புரூஸ் லீ மெலிந்த, நடுத்தர உயர ஆள். எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவரைவிடப் பருத்தவர்கள். இளைஞர்கள் தங்களை வைத்துப் பார்த்த உடல் அது.

குத்துச்சண்டைக்காரர் முகமது அலியின் தொடக்கம் இன்னும் தெளிவானது. 1954-இல், அமெரிக்காவின் லூயிவில் நகரில், பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது அவருடைய சைக்கிள் திருடு போனது. திருடனை உதைப்பேன் என்று அழுகையும் ஆத்திரமுமாக நின்றவரிடம், ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று சொல்லித் தான் நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு வரச்சொன்னார். அந்தத் திருடன் கடைசிவரை அகப்படவில்லை. பையன் மட்டும் பயிற்சியை விடவில்லை. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றான். பழிவாங்க வருகிறவர்கள் சமூகத்துக்கு ஆபத்தாக மாட்டார்களா என்று பயப்படுவோருக்கும் இதில் ஓரளவு பதில் உண்டு. நல்ல ஆசான் வந்த அன்றே அடிக்கச் சொல்லித்தருவதில்லை. சிலம்பத்தில் காலடி பழகவே நாள் பிடிக்கும். ஆத்திரம் மட்டுமே மூலதனமாக வந்தவருக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

உண்மையான ஆபத்தில் இருப்பவர்களை என் வாதம் அவமதிக்கிறதா என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கும் கேள்வி. 1913-இல் லண்டனில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் தங்கள் தலைவர்களைப் போலீஸ் கைதுசெய்யாமல் காக்க ஒரு மெய்க்காவல் படை அமைத்தார்கள். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள ஈடித் கேரட் அவர்களுக்கு ஜுஜுட்சு கற்றுத்தந்தார். அங்கே தேவை கண்முன்னே நின்றது. 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு இந்தியப் பெண்கள் தற்காப்பு வகுப்புகளைத் தேடியதையும் வெறும் மனக்குறை என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். சுவரொட்டிகள் காட்டுவதோ இருட்டுத் தெருவில் நிற்கும் முகம் தெரியாதவனை. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், உடன் படிப்பவர் எல்லை மீறும்போது கையில் குத்து இருந்தாலும் அது எழாமல் போகலாம். எதிர்க்கலாமா, சத்தம் போடலாமா, குடும்பம் என்ன சொல்லும் என்ற தயக்கம் கையைக் கட்டிவிடும்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியர் சுமார் 900 பேரிடம் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வு இந்தத் தயக்கத்தை நேராகத் தொட்டது. மொத்தம் 12 மணி நேரப் பயிற்சிதான். தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, எதிர்ப்பதற்குத் தடையாக இருக்கும் மனக்கூச்சத்தைத் தாண்டுவது, குரல் கொடுப்பது, அதன்பின் உடலால் தடுப்பது என்று அது அமைந்திருந்தது. ஓராண்டில் வன்கொடுமைக்கு உள்ளானவர்கள் பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம், பெறாத குழுவில் 9.8 சதவீதம். பயிற்சியின் பெரும்பகுதி, என் உடல் என்னுடையது, அதைக் காக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதியை வளர்ப்பதாக இருந்தது. ஆகவே அந்த உள்மாற்றத்தைப் பயிற்சியோடு கிடைக்கும் உபரி லாபமாகக் கருதுவது தவறு; காப்பாற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பி, குற்றத்தின் பொறுப்பையும் அவள் தலையில் ஏற்றுகிறோமே என்ற கோபமும் நியாயமானது. குற்றவாளியே பொறுப்பு என்பதை அந்தப் பயிற்சியே பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது.

வேலைக்காகவும் வருகிறார்கள். மேரி கோம், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் தங்கம் வென்றதைக் கண்டு குத்துச்சண்டைக்கு வந்தவர். ஏழைக் குடும்பத்தைக் கரைசேர்க்கும் கனவும் அதில் இருந்தது. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. கிராமத்துப் பிள்ளை சான்றிதழை எண்ணிக் கம்பு எடுத்தால் அதைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. எனக்கு வருத்தமெல்லாம், சில மாதங்களில் பிளாக் பெல்ட் என்று ஆசை காட்டி, பயத்தைப் பெரிதாக்கிப் பணம் பார்க்கும் இடங்களைப் பற்றித்தான். அங்கே பிள்ளை தன் உடலைப் பழகிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை.

அரசுப் பள்ளி மாணவியருக்கு இப்போது சமக்ர சிக்‌ஷா கல்வித் திட்டத்தில் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. குறுகிய காலப் பயிற்சி அது; அதில் உதைகளையும் குத்துகளையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் அவை சீக்கிரம் மறந்துபோகும். தெரிந்த ஆளின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று உரக்கச் சொல்லிப் பழகுவதற்கு முதல் வகுப்பிலிருந்தே நேரம் ஒதுக்கலாம். அதற்குத் தனி மைதானமோ கம்போ தேவையில்லை, அதைச் சொல்லித்தரத் தயங்காத ஓர் ஆசிரியர் வேண்டும்.