மாட்டின் வயிற்றில் முதல் பந்தி யாருக்கு?

குளிர்பதனப் பெட்டியிலிருந்து நெய்ப் புட்டியையும் நல்லெண்ணெய்ப் புட்டியையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஓடும், நெய் கட்டியாக நிற்கும். பசும்புல்லில் இருக்கும் கொழுப்பு, நல்லெண்ணெயைப் போல எளிதில் உறையாத வகையைச் சேர்ந்தது. அதைத் தின்ற மாடு உறையும் கொழுப்பைத் தருவது எப்படி?

பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயில் ஏறி, பூகிஸில் மாறினால் இரண்டாவது நிலையம் லிட்டில் இந்தியா. பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்களா? அங்கே ஒரு மாடு அசைபோடுவதைப் பார்த்தால் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்பதற்குப் பொருத்தமான வட்டாரம் அது. மலாயில் ‘கெர்பாவ்’ என்றால் எருமை. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் எருமைத் தொழுவம். கேகே மருத்துவமனையின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகள் அந்தத் தொழுவத்தைத்தான் குறிக்கின்றன. ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டு வணிகத்துடன் எள் ஆட்டும் செக்குகளும் இருந்தன.

நூறு லிட்டர் தொட்டி

மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதலாவதான பெருவயிறு, வளர்ந்த பசுவில் ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும். உள்ளே வெப்பம் 39 டிகிரி செல்சியஸ். உயிர்வளி கிட்டத்தட்ட இல்லை. அந்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 கோடி அளவில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தீவனம் முதலில் இவற்றுக்குத்தான் போகிறது. இவை உண்டு கழித்ததும், பிறகு இவையே செரிமானமாவதும்தான் மாட்டுக்குக் கிடைக்கும் உணவின் பெரும்பகுதி.

வைக்கோலின் நார்ச்சத்தை நமது குடல் உடைக்காது. மாட்டின் சொந்தச் செரிமான நீரும் உடைக்காது. நுண்ணுயிர்கள்தாம் அதைப் புளிக்கவைத்து அசெட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இந்த அமிலங்களிலிருந்து மடியில் உருவாகிறது. நார்ச்சத்தைக் குறைத்து மாவுத் தீவனத்தை மட்டும் கொட்டினால் பாலில் கொழுப்பு குறைவதற்குக் காரணம் இதுதான்.

புரதம்: கரைவதும் தப்புவதும்

நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அந்த அம்மோனியாவைக் கொண்டு தங்கள் உடலைக் கட்டுகின்றன. நாலாவது அறையான உண்மை வயிற்றுக்குப் போனதும் அவை செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன.

இதை வியப்பான முறையில் காட்டியவர் பின்லாந்தின் ஆர்த்துரி விர்த்தானென். 1945ல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். கறவை மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்து, நைட்ரஜனுக்கு யூரியாவையும் அம்மோனியா உப்புகளையும் மட்டும் சேர்த்தார். மாடுகள் உயிர்வாழ்ந்தன, கன்று ஈன்றன. ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கும் மேல் பால் தந்த மாடும் உண்டு. 1966ல் அந்த முடிவுகள் வெளியாயின.

அதனால் யூரியாவை அள்ளிப் போடலாமா? கூடாது. அம்மோனியா நுண்ணுயிர்கள் பயன்படுத்தும் வேகத்தை மிஞ்சினால் இரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் மாட்டைக் கொன்றுவிடும். அதனால்தான் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற கணக்கில் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் வைத்திருந்து கொடுக்கும் முறை உருவானது.

அதிகம் கறக்கும் பசுவுக்கு நுண்ணுயிர்ப் புரதம் மட்டும் போதாது. பெருவயிற்றில் சிதையாமல் தப்பிப் போகும் புரதமும் வேண்டும். கடலைப் புண்ணாக்கின் புரதம் விரைவாகச் சிதையும். தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஆகியவற்றின் புரதம் மெதுவாகச் சிதையும். விலை உயர்ந்த கடலைப் புண்ணாக்கை மேலும் மேலும் வைப்பவர், மாட்டின் சிறுநீரில் யூரியாவாக வெளியேறும் நைட்ரஜனுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்.

கொழுப்பு: அளவு மீறினால்

இப்போது நெய்க்கு வருவோம். புல்லிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு பல நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அவை அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. நெய் உறைவதற்கு முக்கியக் காரணம், பெருவயிற்றில் நடக்கும் இந்தத் தற்காப்புதான்.

இந்தத் தற்காப்புக்கும் எல்லை உண்டு. உலர் தீவனத்தில் மொத்தக் கொழுப்பு சுமார் 6 விழுக்காட்டைத் தாண்டினால் நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துபோகும். மாடு தீவனத்தைக் குறைக்கும், பாலும் குறையும். ‘கொழுப்பு ஏறட்டும்’ என்று எண்ணெயை ஊற்றினால் நேர்மாறாக முடியும்.

இதற்கு ஒரு வழி, செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைச் சுண்ணாம்புச் சத்துடன் சேர்த்து ஒருவகைச் சோப்பாக்குவது. அது பெருவயிற்றில் கரையாது; அமிலம் மிகுந்த உண்மை வயிற்றில் பிரியும். நுண்ணுயிர்களுக்குத் தொல்லை இல்லாமல் கொழுப்பு மாட்டைச் சேர்ந்துவிடும். நமக்கு அண்டை நாடான மலேசியாவின் செம்பனைக் கொழுப்பு இப்படித்தான் உலகின் பல தொழுவங்களுக்குப் போகிறது.

அன்பினால் வரும் ஆபத்து

மாட்டுப் பொங்கலன்று அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கலை வைப்பது சில வீடுகளில் பெருமை. வெந்த அரிசியும் வெல்லமும் பெருவயிற்றில் மிக வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகும். நார் உடைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். வயிறு அசைவற்றுப் போகும். உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது, பிறகு படுத்துவிடும். உடனே சிகிச்சை இல்லையென்றால் ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும்.

ஊரில் உங்கள் உறவினர் மாடு வளர்த்தால், பொங்கலுக்கு முன் தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள். படையலுக்கு ஒரு கைப்பிடி போதும். பிறகு வழக்கமான வைக்கோலும் பசுந்தீவனமும். எந்தப் புதிய தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாள் போல எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அசைபோடுவது நின்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கேம்பல் லேனில் நிற்கும் மாட்டுக்கும் இதே விதிதான்: கையிலிருக்கும் பலகாரத்தை நீட்டும் முன், அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.