ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'... பதறவும் வேண்டாம், மடிச்சு பீரோவில் வைக்கவும் வேண்டாம்!

ஆபீஸில் மாஸ்டர் ஹெல்த் செக்கப். வெறும் வயிற்றோடு போய், ஜெல் தடவி, மூச்சை இழுத்துப் பிடிச்சு ஸ்கேன் முடிஞ்சாச்சு. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வருது. கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'. அடுத்த நொடியே கூகுளைத் திறந்திருப்பீங்க. பத்து நிமிஷத்தில் சிரோசிஸ், கேன்சர், லிவர் மாற்று ஆபரேஷன் வரைக்கும் போயிட்டு வந்திருப்பீங்க. இல்லைன்னா பக்கத்து சீட் நண்பர், "எனக்கும்தான் போட்டிருக்கு, இப்போ எல்லாருக்கும் இருக்கறதுதானுங்க" என்று சொல்ல, ரிப்போர்ட்டை அன்றே மறந்திருப்பீங்க.

இரண்டுமே தப்பு. அந்த 'கிரேடு' என்ற சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

நண்பர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்கிறது. சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வின் முடிவு 2009-ல் வெளியானது. அதில் ஸ்கேன் செய்யப்பட்ட 541 பேரில் 32 சதவிகிதம் பேருக்கு ஃபேட்டி லிவர். சர்க்கரை நோய் இருந்தவர்களில் மட்டும் பார்த்தால் பாதிக்கும் மேல். 2025-ல் ஹைதராபாத் ஐ.டி ஊழியர்கள் 345 பேரை வைத்து வெளியான ஆய்வு இன்னும் மோசம், 84 சதவிகிதம்! மணிக்கணக்கில் உட்கார்ந்தே வேலை, ஷிஃப்ட், தூக்கமின்மை, ராத்திரி 11 மணிக்கு ஆர்டர் பண்ணும் பிரியாணி. சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த லிஸ்ட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், எல்லாருக்கும் இருக்கிறது என்பதால் அது சாதாரணம் ஆகிவிடாது. 

கிரேடு என்பது வெளிச்சம்தான்

கல்லீரல் செல்களில் 5 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது ஃபேட்டி லிவர். கொழுப்பு சேர்ந்த கல்லீரல், அல்ட்ராசவுண்ட் திரையில் வெளுப்பாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் கிட்னியோடு ஒப்பிட்டு, கொஞ்சம் வெளுப்பா இருந்தால் கிரேடு 1. உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களின் விளிம்பு மங்கினால் கிரேடு 2. பின்பக்கம் உதரவிதானம்கூடத் தெரியாத அளவுக்கு மறைத்தால் கிரேடு 3. அவ்வளவுதான். ஸ்கேன் பார்க்கும் டாக்டரின் கண் மதிப்பீடு இது. மெஷின் மாறினால், பார்க்கும் ஆள் மாறினால் கிரேடும் மாறலாம். காந்திபுரத்தில் எடுத்தது கிரேடு 1, இரண்டு மாசம் கழிச்சு ஆர்.எஸ்.புரத்தில் எடுத்தது கிரேடு 2 என்றால், அதற்குள் லிவர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.

கேன்சருக்குச் சொல்கிற 'ஸ்டேஜ்' மாதிரி இதை நினைத்துக்கொள்வதுதான் பெரிய தப்பு. லிவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவைவிட, அதில் விழுந்திருக்கும் தழும்பு. காயம் ஆறின இடத்தில் தோல் தடிச்சுப் போகுமே, அதுபோல கொழுப்பால் வீங்கிப் புண்பட்ட கல்லீரல் ஆறி ஆறித் தழும்பாகும். இதை ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். எஃப் 0-விலிருந்து எஃப் 4 வரை நிலைகள். எஃப் 4-தான் சிரோசிஸ். கிரேடு 1 என்று எழுதப்பட்ட ஒருவருக்குத் தழும்பு அதிகமாக இருக்கலாம். கிரேடு 3 என்று எழுதப்பட்டவருக்குத் தழும்பே இல்லாமலும் போகலாம். சாதாரண அல்ட்ராசவுண்டால் ஆரம்பக்கட்டத் தழும்பைப் பார்க்க முடியாது. வலியும் இருக்காது என்பதால் நமக்கும் தெரியாது.

அப்போ எப்படித்தான் தெரிஞ்சுக்கறது? முதல் படிக்குச் செலவே இல்லைங்க. உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் மொபைலில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். 'ஃபிப்-4' என்று இதற்குப் பெயர். வயதை, எஸ்.ஜி.ஓ.டி அளவால் பெருக்குங்க. எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தை பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்க. முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஃபிப்-4. பிளேட்லெட் 2.4 லட்சம் என்றால் 240 என்று போடணும். 38 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி 42, எஸ்.ஜி.பி.டி 64, பிளேட்லெட் 2.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 1,596, கீழே 1,920. விடை 0.83. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் லிவர் டாக்டரைப் பார்த்தே ஆகணும். நடுவில் இருந்தால் அடுத்த டெஸ்ட். 35 வயதுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. நீங்க அந்த வயசுக்காரர் என்றால் 'நார்மல்' வந்ததும் கொண்டாடிவிடாமல் டாக்டரிடம் கேட்டுக்கோங்க.

அடுத்த டெஸ்ட், ஃபைப்ரோஸ்கேன். வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள். அந்த அதிர்வு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை வைத்து லிவர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். வலிக்காது, பத்து நிமிஷ வேலை. 3 மணி நேரமாவது சாப்பிடாமல் போகணும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும். ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் வரும். இங்கேதான் பலரும் பதறுவார்கள். 290, 310 என்று மூன்று இலக்கத்தில் இருப்பது கொழுப்பின் அளவு. அந்த அளவுகோலே 100-லிருந்து 400 வரை போகும். முதலில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கும் சின்ன எண். 8-க்குக் கீழே என்றால் நிம்மதி. 12-க்கு மேல் என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வேறு சில சொற்களும் பயமுறுத்தும். 'ஹெபடோமெகாலி' என்றால் கல்லீரல் கொஞ்சம் பெரிசா இருக்கு, கொழுப்பு சேர்ந்தால் பெரிசாகும். 'சிம்பிள் சிஸ்ட்' நீர்க்கட்டி. 'ஹீமாஞ்சியோமா' ரத்தக்குழாய்கள் சேர்ந்த முடிச்சு. பெரும்பாலும் இரண்டுமே தொந்தரவு தராதவை. 'எஸ்.ஓ.எல்' என்றால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று சி.டி அல்லது எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்கணும் என்று பொருள். அதையே கேன்சர் என்று படிக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. 'கோர்ஸ் எக்கோடெக்ஸ்சர்', 'நாடுலர் சர்ஃபேஸ்', 'ஸ்பிளீனோமெகாலி', 'அசைட்டிஸ்' இதில் எதையாவது பார்த்தால் அந்த வாரமே டாக்டரிடம் போயிடுங்க. கண் மஞ்சளானாலோ, வயிறு, கால் வீங்கினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ வாரக்கணக்கெல்லாம் இல்லை, உடனே.

"நான் ஒல்லிதானே, எனக்கெதுக்கு?"

மேற்கு வங்க கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஃபேட்டி லிவர் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உடல் எடையும் அதிகமில்லை, தொப்பையும் இல்லை. நமக்கு பி.எம்.ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ என்பதுதான் எல்லை. டெய்லர் டேப் எடுத்துத் தொப்புளைச் சுற்றி ஒருமுறை அளந்துடுங்க, வயிறை எக்காமல்!

எடை குறைந்தால் என்ன நடக்கும்? கியூபாவில் 293 பேரை ஓர் ஆண்டு கவனித்து, முன்னும் பின்னும் லிவர் பயாப்ஸி எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. 10 சதவிகிதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவிகிதம் பேருக்கு லிவர் அழற்சி மறைந்திருந்தது. 45 சதவிகிதம் பேருக்குத் தழும்பே குறைந்திருந்தது. அவ்வளவு குறைக்க முடிந்தது பத்தில் ஒருவரால்தான் என்பதையும் சொல்லிடணும். 80 கிலோ இருக்கிறவருக்கு 10 சதவிகிதம் என்பது 8 கிலோ. ஆனால், 4 கிலோ குறைந்தாலே கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். வாரத்துக்கு அரை கிலோ போதும். பட்டினி கிடந்து சட்டென்று குறைப்பது லிவருக்கே ஆகாது.

நம்ம ஊரில் முதலில் கை வைக்க வேண்டிய இடம், பேக்கரிங்க. டீ, தேங்காய் பன், பப்ஸ், ஸ்வீட், காரம் என்று கொங்கு மண்டலத்தில் நாலு பேர் சந்திப்பதே பேக்கரி வாசலில்தான். மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றும் அங்கே சேர்ந்தே கிடைக்கும். சாயங்காலத் தள்ளுவண்டிக் காளானும் மைதாவில் புரட்டி எண்ணெயில் பொரித்ததுதான். அதைவிட மோசம் குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும். சர்க்கரையில் பாதியாக இருக்கும் ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் லிவருக்குத்தான் போகும், மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாறும். "வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிட்டேன்" என்று சொல்பவர்கள் நிறைய. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழநி பஞ்சாமிர்தத்துக்கே போவது நமக்குப் பெருமைதான், ஆனால் லிவர் கணக்கில் அதுவும் சர்க்கரையே.

இன்னொரு பக்கம், நம் வீட்டுச் சமையலில் நல்ல விஷயங்களும் இருக்கு. கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு கடைசல், கீரை. தட்டில் சோறு பாதியாகி இவை இரட்டிப்பானால் போதும். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-ல் ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. காபி பிரியர்களுக்கு ஒரு நல்ல சேதி: தினமும் காபி குடிப்பவர்களுக்கு லிவர் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபில்டர் காபி தாராளமா குடிங்க, சர்க்கரை இல்லாமல்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் ஒரு சுற்று சுமார் 2.5 கிலோமீட்டர், வேகமாக நடந்தால் அரை மணி நேரம் ஆகாது. எடை குறையாவிட்டாலும் நடையால் லிவர் கொழுப்பு குறையும். 'வீக்கெண்ட் மட்டும்தான்' கோஷ்டிக்கு: கொழுப்பும் குடியும் சேர்ந்தால் தழும்பு வேகமெடுக்கும். ரிப்போர்ட்டில் பெயர் வந்துவிட்ட பிறகு குடிக்க 'பாதுகாப்பான அளவு' கிடையாது.

கீழாநெல்லி குடிக்கலாமா?

வீட்டில் பெரியவங்க முதலில் சொல்வது இதைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் கீழாநெல்லி ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 59 சதவிகிதம் பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக முடிவு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் நிரூபணமாகவில்லை. அதோடு அது ஹெபடைடிஸ் பி-க்கான ஆய்வு, ஃபேட்டி லிவருக்கானது அல்ல. மூலிகை என்பதாலேயே ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை எடுத்து லிவர் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யூடியூப் 'லிவர் டீடாக்ஸ்' பொடிகளைப் பற்றி தனியாக வேறு சொல்லணுமா? எதை எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீங்க.

மாத்திரை இல்லையா என்றால், அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோமும், 2025 ஆகஸ்டில் செமாகுளூடைடு ஊசியும் இதற்காக அனுமதி பெற்றன. இரண்டுமே தழும்பு ஓரளவு விழுந்தவர்களுக்கு. கிரேடு 1 என்று எழுதிய எல்லாருக்கும் அல்ல.

டாக்டரிடம் போகும்போது லிவரை மட்டும் கேட்டுட்டு வராதீங்க. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதய நோய்க்குத்தான். மூன்று மாத சராசரி சர்க்கரை, கொலஸ்ட்ரால், பி.பி மூன்றும் பார்க்கணும். ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் இதுவரை எடுத்ததில்லை என்றால் ஒருமுறை எடுத்துடுங்க. மாசாமாசம் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. ஃபிப்-4 குறைவாக இருந்தால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளிலும், மற்றவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும். ஒப்பிடணும் என்பதால், இப்போ வந்திருக்கும் பி.டி.எஃப்பை வாட்ஸ்அப்பிலேயே விட்டுடாம தனியா சேமிச்சு வைங்க.