கடக்வாஸ்லாவா? கல்லூரியா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"பட்டாளத்துக்குப் போகிறான்" என்றால் நம் ஊர்ப்பக்கங்களில் உடனே நினைவுக்கு வருவது சிப்பாய் வேலைதான். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகும் இளைஞர்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஆனால், அந்தச் சிப்பாய்களை முன்னின்று நடத்திச் செல்லும் அதிகாரி எங்கே, எப்படி உருவாகிறார் என்பதை நம்மில் பலர் அறியோம். அதற்கு இரண்டு பெரிய வழிகள் உள்ளன. பள்ளி முடிந்ததும் இராணுவக் கல்லூரியில் சேர்வது ஒன்று. நம்மைப்போல் சாதாரணக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பின்னர்ப் பயிற்சிக்குச் செல்வது மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியிலிருந்து நேராக

புனே நகரை அடுத்த கடக்வாஸ்லாவில் அமைந்துள்ளது தேசியப் பாதுகாப்பு அகாடமி. சுருக்கமாக என்.டி.ஏ. என்பர். 1949ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரி 16இல் இது முறைப்படி திறக்கப்பட்டது. இதன் தலைமைக் கட்டடத்திற்குச் சூடான் கட்டடம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் ஆற்றிய பணிக்கு நன்றியாகச் சூடான் வழங்கிய ஒரு லட்சம் பவுனின் நினைவாக வைத்த பெயர் அது.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் உரிய கேடட்டுகள் இங்கே மூன்றாண்டு ஒன்றாக வாழ்கின்றனர். அணிவகுப்பு, நீச்சல், குதிரையேற்றம் ஆகியவற்றோடு பாடப் படிப்பும் உண்டு. முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். அதன்பின் தரைப்படைக்கு உரியவர்கள் டேராடூனில் ஓராண்டு பயின்று அதிகாரிகள் ஆகின்றனர். பெண்கள் 2022 முதல் இங்கே சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் முதல் அணியினர் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தனர்.

இதற்கான தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே எழுதலாம். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். கணிதத்திற்கு 300, பொதுத் திறனுக்கு 600 என எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். அதில் தேறியவர்களை எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியம் ஐந்து நாள் தங்கவைத்துச் சோதிக்கிறது. உளவியல் சோதனை, குழுப் பணி, நேர்முகம் எல்லாம் அதில் அடங்கும். அதற்கும் 900 மதிப்பெண்.

கல்லூரியிலிருந்து

பட்டதாரிகளுக்கு உரியது சி.டி.எஸ். தேர்வு. இதுவும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. இறுதியாண்டில் படிப்போரும் எழுதலாம். தேர்ச்சி பெற்றவர் 1932இல் நாற்பது கேடட்டுகளுடன் தொடங்கிய டேராடூன் இந்திய இராணுவ அகாடமியில் ஒன்றரை ஆண்டு பயில்வார். அல்லது சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம் பயில்வார். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, அதிகாரிகள் போதாத நிலையில், 1963இல் தோன்றியது இந்தப் பரங்கிமலைப் பயிற்சி நிலையம். 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகின்றனர்.

டேராடூனுக்கு ஆங்கிலம், பொது அறிவு, தொடக்கநிலைக் கணிதம் என மூன்று தாள்கள். பரங்கிமலைக்குக் கணிதத் தாள் இல்லை. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' நிலையும், பட்டப் படிப்பில் 50 விழுக்காடும் பெற்றவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. அவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக எஸ்.எஸ்.பி.க்குச் செல்லலாம். நம் கல்லூரி மைதானத்தில் வியர்வை சிந்தும் தோழர்களும் தோழியரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தால்

முதலில் காலக் கணக்கு. கடக்வாஸ்லாவில் மூன்றும் டேராடூனில் ஒன்றுமாக நான்கு ஆண்டு. கல்லூரியில் மூன்றும் டேராடூனில் ஒன்றரையுமாக நாலரை ஆண்டு. தேர்வுக்கும் முடிவுக்கும் காத்திருக்கும் மாதங்களைச் சேர்த்தாலும் வேறுபாடு பெரிதன்று.

அடுத்தது செலவு. என்.டி.ஏ.வில் தங்குமிடம், உணவு, உடை, படிப்பு அனைத்தும் அரசின் பொறுப்பு. கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து சிறிது வேண்டும். கல்லூரியிலோ பேருந்துக் கட்டணம் முதல் புத்தகம் வரை பெற்றோரின் தலையில்தான். அதே சமயம், பட்டதாரியாகப் பயிற்சிக்குச் செல்பவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே, ஏழாவது ஊதியக் குழுவின் கணக்குப்படி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு.

மூன்றாவது, பணியின் தன்மை. என்.டி.ஏ. வழியாகவும் டேராடூன் வழியாகவும் செல்பவர் நிரந்தர அதிகாரிகள். பரங்கிமலை வழியாகச் செல்பவருக்குப் பத்தாண்டுப் பணி. வேண்டுமானால் மேலும் நான்காண்டு. ஓய்வூதியத்திற்கு இருபதாண்டுப் பணி வேண்டும் என்பதால், நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் ஓய்வூதியமும் இல்லை. "பென்ஷன் உண்டா?" என்று முதலில் கேட்கும் நம் பெற்றோருக்கு இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடற்படையில் விருப்பமுள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சி.டி.எஸ். வழியே அங்குச் செல்லப் பொறியியல் பட்டம் கேட்கின்றனர். எனவே அவர்களுக்கு என்.டி.ஏ.வே நல்லது.

நான்காவது, துணிந்து இறங்குவதன் விலை. பயிற்சியில் அடிபட்டு உடல் தகுதி இழந்து வெளியேற்றப்படும் கேடட்டுக்கு அதிகாரிப் பதவியும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இத்தகையோரின் துயரத்தை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மேலும், சொந்த விருப்பத்தால் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டிய பொறுப்பும் உண்டு. பதினேழு வயதில் எடுக்கும் முடிவுக்கு இது பெரிய பிணை. பட்டம் பெற்றபின் செல்பவர் கையில் ஒரு பிடிமானத்தோடு செல்கிறார். தவறி விழுந்தாலும் ஆசிரியராகவோ, அலுவலராகவோ எழுந்து நிற்கலாம்.

போர்க்களத்தில் வேறுபாடு உண்டா?

சிறு வயதிலேயே இராணுவச் சூழலில் வளர்ந்தவர்தாம் சிறந்த அதிகாரி ஆவார் என்று சிலர் கருதுவர். 1999ஆம் ஆண்டு கார்கில் போர் இதற்கு விடை தருகிறது. அப்போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற நால்வரில் இருவர் அதிகாரிகள். ஒருவர் மனோஜ் குமார் பாண்டே. சைனிக் பள்ளியில் படித்து என்.டி.ஏ. வழியாக வந்தவர். மற்றவர் விக்ரம் பத்ரா. சண்டிகர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்து, தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் பெற்று, சி.டி.எஸ். எழுதி வந்தவர். சில நாள் இடைவெளியில் இருவரும் உயிர் ஈந்தனர். 1987இல் இலங்கையில் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரனும், 2014இல் காஷ்மீரில் வீழ்ந்து அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் கல்லூரிப் பட்டம் பெற்றபின் சென்னையில் பயிற்சி பெற்றவர்களே. வந்த வழியைத் தோட்டா கேட்பதில்லை.

நமக்கு எது?

பதினேழு வயதில் விருப்பமும் உடலுறுதியும் கணிதத் திறமையும் ஆங்கிலப் பழக்கமும் உள்ளவருக்கு என்.டி.ஏ.வைப்போல் சிறந்த இடம் இல்லை என்பதில் ஐயமில்லை. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வரம் எனலாம். ஆனால், அந்த வரம் இருக்கும் செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேர்கிறதா? வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி போன்ற இடங்களில் பயில்வோருக்கு இவையெல்லாம் பாலபாடம். தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு, அப்படி ஒரு கதவு இருந்ததே அது மூடிய பிறகுதான் தெரிகிறது. இருபது வயதான எனக்கு இனி இரண்டாவது வழிதான்.

அதனால் மனம் தளர்வதற்கில்லை. கடக்வாஸ்லாவில் விசில் சத்தம் கேடட்டை எழுப்புகிறது. இங்கே நம்மை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். அங்கே அரசு கற்றுத்தரும் ஓட்டத்தையும் ஒழுங்கையும் பேச்சையும் இங்கே நாமே தேடிக்கொள்ள வேண்டும். அதற்குக் கல்லூரி தரும் மூன்றாண்டு அவகாசம் போதுமானது. நாள்தோறும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள், வாரம் ஒருமுறை தோழர்களோடு ஆங்கிலத்தில் விவாதம், காலையில் ஓட்டம், தவறாத அணிவகுப்பு. இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். என்.டி.ஏ., சி.டி.எஸ். அறிவிப்புகள் வரும்போது அவற்றை நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். தோழர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நாம் படித்த பள்ளிக்கு ஒருமுறை செல்வோம். பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி தங்கையரிடம் இரண்டு வழிகளையும் எடுத்துச் சொல்வோம். எதைத் தேர்வது என்பது அவர்கள் விருப்பம். தேர்ந்தெடுக்க இரண்டு உண்டு என்பதையாவது உரிய வயதில் அவர்கள் அறியட்டும்.