உங்களுக்குத் தெரியுமா? பழமில்லாத ஊரின் வைட்டமின் சி

வடமேற்கு கிரீன்லாந்தின் கானாக் பகுதியில் மரமே கிடையாது; பழத்துக்கு எங்கே போவது? ஆனாலும் அங்குள்ள இனுவிட் மக்களை வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயிலிருந்து காத்தது நார்வால் திமிங்கிலத்தின் தோல். கொழுப்போடு சேர்த்துப் பச்சையாகவே உண்ணும் இந்த ‘மட்டாக்’கில் வைட்டமின் சி மிகுதி.

அதற்காக வேட்டைக்காரர் பனிக்கடலில் ஒடுங்கிய கயாக் படகில் தனியே போகிறார். சிறு சத்தம் கேட்டாலும் நார்வால் மூழ்கிவிடும். ஆகவே ஓசையின்றி நெருங்கி, கையாலேயே ஈட்டி எறிய வேண்டும். ஈட்டிக் கயிற்றின் மறுமுனையில் காற்றடைத்த சீல் தோல் மிதவை. அதை இழுத்து இழுத்தே விலங்கு களைத்துப்போகும். படகு கவிழ்ந்தால் அந்தக் குளிர்நீரில் பிழைப்பது அரிது.

சிறுவயதில் அங்கே வாழ்ந்த கரி ஹெர்பர்ட், தம் பயண நூலில் வேட்டைக்காரருக்காகவும் பதறுகிறார், நார்வாலுக்காகவும் பதறுகிறார். அந்த இரட்டை மனம்தான் அவர் எழுத்தின் உயிர்.