ஜமீன் பட்டாவும் நம் கடைமனையும்

கடை கட்ட மனை வாங்குகிறோம். மூலப் பத்திரத்தைப் புரட்டினால் 'பசலி', 'அயன் புஞ்சை', 'ஜமீன் பட்டா' என்று வருகிறது. எழுத்தர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம். பணம் போடுகிறவர்கள் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

நம் சங்கரன்கோவில் வட்டாரம் பாளையங்கள் நிறைந்த பூமி. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்ததும், 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்ததும் நாம் அறிந்ததே. 1801-ல் நவாபின் சீமை முழுவதும் கும்பெனி கைக்குப் போயிற்று. மிஞ்சிய பாளையக்காரர்களை 1803-ல் ஜமீன்தார்களாக்கி, ஆண்டுதோறும் கட்டவேண்டிய பேஷ்குஷ் தொகையை நிரந்தரமாக நிர்ணயித்தார்கள். சிவகிரி, ஊற்றுமலை எல்லாம் அப்படி வந்த ஜமீன்களே. குடிகளிடம் வசூலித்ததில் பேஷ்குஷ் போக மீதி ஜமீனுக்கு. மற்ற ஊர்களில் தாமஸ் மன்றோ பரப்பிய ரயத்துவாரி முறை. நிலத்தை அளந்து, மண்ணின் தரம் பார்த்துத் தீர்வை விதித்து, விவசாயி பெயரிலேயே பட்டா. அதுதான் 'அயன்'.

தீர்வையை ரொக்கமாக, தவணை தவறாமல் கட்டவேண்டும். அதற்குப் பெயர் கிஸ்தி. கிஸ்திக்காக எல்லோரும் ஒரே சமயத்தில் பருத்தியையும் தவசத்தையும் சந்தைக்குக் கொண்டுவந்தால் விலை என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. முன்பணம் கொடுத்து, வெள்ளாமையை அடிமாட்டு விலைக்குப் பேசிக்கொண்ட வியாபாரிகளும் உண்டு, அதை மறைப்பானேன்? 1930-களின் மந்தத்தில் தானிய விலை சரிந்தது, தீர்வையோ ரூபாய்க் கணக்கிலேயே நின்றது. அதே கிஸ்திக்குக் கூடுதல் மூட்டை போடவேண்டியதாயிற்று. அப்புறம் மளிகைக்கடைப் பாக்கிக்கு எங்கே போவான் சம்சாரி?

1908-ம் ஆண்டுச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலையான சாகுபடி உரிமை தந்தது. 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி சர்க்கார் ஜமீன்களை எடுத்துக்கொண்டு, ரயத்துவாரியாக மாற்றியது. ஆகவே மூலப் பத்திரத்தில் ஜமீன் பட்டா மட்டும் இருந்தால் போதாது. ஒழிப்புக்குப் பின் சர்க்கார் கொடுத்த ரயத்துவாரி பட்டா யார் பெயரில் என்று பார்க்கவேண்டும். புறம்போக்காக நின்றுபோன இடமாக இருந்தால் கொடுத்த முன்பணமும் சிக்கல்தான்.

பசலி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு ஆங்கில ஆண்டில் 590 கழிக்க. ஜனவரி முதல் ஜூன் வரை 591. அதாவது 1948 ஜூலையில் பிறந்தது 1358-ம் பசலி. பசலி முடியுமுன் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் பட்டா திருத்தத்துக்கு இன்றும் மனுக் கொடுக்கலாம்.